ஸ்ரீபுரந்தான் நடராசர்: ஒரு செப்புத் திருமேனியின் உடைமை வரலாறும் மீட்பும்

ஸ்ரீபுரந்தான் நடராசர் என்பது அரியலூர் மாவட்டம் உடையார்பாளையம் வட்டத்திலுள்ள ஸ்ரீபுரந்தான் என்னும் சிற்றூரின் பிரகதீஸ்வரர் கோயிலுக்குரிய சோழர் காலச் செப்புத் திருமேனி ஆகும். இது 2006-ஆம் ஆண்டில் திருடப்பட்டது. 2008-இல் கான்பெராவிலுள்ள ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடத்துக்கு விற்கப்பட்டது. 2014 செப்டம்பர் 5 அன்று புது தில்லியில் அந்நாட்டுப் பிரதமர் டோனி அபாட், இந்தியப் பிரதமர் நரேந்திர மோடியிடம் இதை ஒப்படைத்தார்.

சிலைத் திருட்டு நம் மாநிலத்துக்குப் புதிதன்று. இந்த வழக்கு தனித்து நிற்பதற்குக் காரணம் வேறு. திருடிய பொருளுக்கு ஒரு பொய்யான கடந்த காலம் காகிதத்தில் எழுதப்பட்டது. உலகின் பெரிய அருங்காட்சியகம் ஒன்று அதை நம்பிப் பணம் கொடுத்தது. பின்னர் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் புகைப்படம் அந்தக் காகிதங்கள் முழுவதையும் செல்லாததாக்கியது. அந்தக் காகிதங்களையும் புகைப்படத்தையும் பற்றியே இக்கட்டுரை அதிகம் பேசுகிறது.

உடைமை வரலாறு என்றால் என்ன

ஒரு கலைப்பொருள் உருவான நாள் முதல் இன்றுவரை யார் யார் கையில் இருந்தது, எப்படிக் கைமாறியது என்பதற்கான தொடர் பதிவே உடைமை வரலாறு. மாணவர்களுக்கு இதை விளக்க நிலப் பத்திரத்தைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. நிலம் வாங்கப் போகிறவர் விற்பவரின் பத்திரத்தை மட்டும் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுப்பதில்லை. அவருக்கு முன்பு யாரிடம் இருந்தது என்று தாய்ப்பத்திரத்தைக் கேட்கிறார். பிறகு சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கிறார். இடையில் ஒரு கண்ணி அறுந்திருந்தாலும் வழக்கறிஞர் வேண்டாம் என்று சொல்லிவிடுவார். ஐந்து சென்ட் மனைக்கு நாம் பார்க்கும் இந்தப் பார்வையைக் கோடிக்கணக்கில் செலவிடும் அருங்காட்சியகங்கள் பார்த்தனவா என்பதே இவ்வழக்கில் எழுந்த கேள்வி.

கலைச் சந்தையில் சில ஆண்டுகள் எல்லைக்கோடு போல நிற்கின்றன. ஐரோப்பிய ஓவியங்களுக்கு 1933 முதல் 1945 வரையிலான ஆண்டுகள் அப்படிப்பட்டவை. நாஜி ஆட்சியில் யூதர்களின் வீடுகள், கடைகள், கலைச் சேகரிப்புகள் பறிக்கப்பட்டன, அல்லது மிரட்டி அடிமாட்டு விலைக்கு எழுதி வாங்கப்பட்டன. ஆகவே ஓர் ஓவியத்தின் வரலாற்றில் அந்தப் பன்னிரண்டு ஆண்டுகள் வெற்றிடமாக இருந்தால் ஐயம் எழ வேண்டும். இந்தியத் திருமேனிகளுக்கு எல்லைக்கோடு 1970. அவ்வாண்டில்தான் பண்பாட்டுப் பொருள்களின் கள்ளக் கடத்தலுக்கு எதிரான யுனெஸ்கோ உடன்படிக்கை உருவாயிற்று. இந்தியாவின் தொல்பொருள், கலைச் செல்வங்கள் சட்டம் 1972-இல் இயற்றப்பட்டு 1976-இல் நடைமுறைக்கு வந்தது. எனவே ஒரு சிலை 1970-ஐ ஒட்டியோ அதற்கு முன்போ இந்தியாவை விட்டு வெளியேறியது என்று காட்டிவிட்டால் வாங்குபவர்கள் அதிகம் கேள்வி கேட்பதில்லை. கள்ளச் சந்தை வணிகர்கள் இதை நன்றாக அறிந்திருந்தார்கள்.

ஊரும் கோயிலும்

செட்டிகுளத்திலிருந்து பெரம்பலூர், அரியலூர் வழியாகக் கிழக்கே போனால் தா.பழூர் வட்டாரத்தில் ஸ்ரீபுரந்தான் வருகிறது. கொள்ளிடத்துக்கு வடக்கே அமைந்த, நெல்லும் கரும்பும் விளையும் பகுதி. கங்கைகொண்ட சோழபுரம் அதிகத் தொலைவில் இல்லை. சோழர் தலைநகரைச் சுற்றியிருந்த ஊர்களில் இப்படிச் சிறிதும் பெரிதுமாகப் பல கோயில்கள் எழுந்தன. அவற்றில் பலவற்றுக்கு இன்று பூசைக்கே வழியில்லை. ஸ்ரீபுரந்தான் கோயிலும் நாளடைவில் பூசை நின்று பூட்டிக் கிடந்தது. செப்புத் திருமேனிகள் மட்டும் உள்ளே இருந்தன.

இந்த ஊரின் மாவட்டம் பற்றி ஒரு சிறு குறிப்பு. பழைய செய்திகளைத் தேடும் மாணவர்கள் குழம்பிவிடக் கூடாது. 1994-இல் ஸ்ரீபுரந்தான் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் இருந்தது. 1995-இல் பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தது. அரியலூர் 2001-இல் தனி மாவட்டமாகி, 2002-இல் மீண்டும் பெரம்பலூரோடு சேர்க்கப்பட்டு, 2007 நவம்பரில் திரும்பவும் தனியானது. ஆகவே திருமேனியின் புகைப்படம் எடுக்கப்பட்டபோது ஊர் திருச்சி மாவட்டம். திருடு போனபோது பெரம்பலூர் மாவட்டம். வழக்குப் பதிவானபோது அரியலூர் மாவட்டம். ஊர் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

பாதுகாப்பற்ற கோயில்களின் திருமேனிகளை இந்து சமய அறநிலையத் துறை உலோகத் திருமேனி பாதுகாப்பு மையங்களுக்கு எடுத்துச் செல்வது வழக்கம். ஸ்ரீபுரந்தான் மக்கள் அதற்கு ஒப்பவில்லை. எங்கள் ஊர்ச் சாமி எங்கள் ஊரிலேயே இருக்கட்டும் என்றார்கள். பின்னால் நடந்ததை வைத்து அவர்களைக் குறை சொல்வது எளிது. ஆனால் பூசை நின்றாலும் சாமி ஊரில் இருக்கிறது என்ற நினைப்பு ஓர் ஊருக்கு எவ்வளவு பெரியது என்பதை நம் பக்கத்துக் கிராமங்களில் வாழ்ந்தவர்கள் அறிவார்கள்.

திருட்டு

நியூயார்க் நகரின் மாடிசன் அவென்யூவில் ‘ஆர்ட் ஆஃப் தி பாஸ்ட்’ என்ற பெயரில் கலைப்பொருள் கூடம் நடத்தியவர் சுபாஷ் கபூர். இந்தியாவில் பிறந்து அமெரிக்கக் குடிமகனானவர். பல நாட்டு அருங்காட்சியகங்கள் இவரிடம் பொருள் வாங்கின. சிலவற்றுக்கு இவர் அன்பளிப்பாகவும் கொடுத்திருக்கிறார். சென்னையிலிருந்த தரகர் ஒருவர் வழியாக இவருக்குத் திருமேனிகள் கிடைத்தன என்பது தமிழகக் காவல்துறையின் சிலைத் திருட்டு தடுப்புப் பிரிவு கண்டறிந்த செய்தி.

2006-இல் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து எட்டுத் திருமேனிகள் இரவு நேரங்களில், ஒரே தடவையாக அல்லாமல் பிரித்துப் பிரித்துக் கொண்டு போகப்பட்டன. உடைத்த பூட்டைப் பசை வைத்து ஒட்டி, தொடாதது போலத் தொங்கவிட்டுப் போனார்கள். பூட்டிய கதவைப் பார்த்தவர்கள் உள்ளே சாமி இருப்பதாகவே நினைத்திருந்தார்கள். இரண்டு ஆண்டுகள் இப்படியே கழிந்தன.

அதே உடையார்பாளையம் வட்டத்திலுள்ள சுத்தமல்லி வரதராசப் பெருமாள் கோயிலும் 2008 தொடக்கத்தில் கொள்ளையிடப்பட்டது. அங்கே போன திருமேனிகள் இன்னும் அதிகம். இவ்வழக்கும் கபூரையே சுட்டியது.

நாட்டை விட்டு எப்படி வெளியேறின என்பதற்கு விடை எளிது. புதிதாகச் செய்த பித்தளைக் கைவினைப் பொருள்கள் என்று எழுதிச் சரக்குப் பெட்டியில் அனுப்பினார்கள். சுவாமிமலையில் இன்றும் சிற்பிகள் மெழுகு வார்ப்பு முறையில் நடராசர் செய்கிறார்கள். அவை முறையாக ஏற்றுமதியாகின்றன. புதிய சிலைக்கும் தொள்ளாயிரம் ஆண்டுப் பழைய சிலைக்கும் வேறுபாடு காணக்கூடிய கண் எல்லாச் சுங்க அலுவலகத்திலும் இருப்பதில்லை.

ஒரு கடிதத்தின் கதை

2008 பிப்ரவரியில் ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் கபூரிடமிருந்து இந்த நடராசரை ஏறத்தாழ 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. அன்றைய மதிப்பில் சுமார் 20 கோடி ரூபாய். நாலடிக்கும் சற்றுக் கூடுதலான உயரமும் சுடர் சூழ்ந்த திருவாசியும் கொண்ட இது, 11 அல்லது 12-ஆம் நூற்றாண்டுப் படைப்பு என்று கலைக்கூடம் குறித்தது.

இதற்குத் தாய்ப்பத்திரமாகக் கபூர் கொடுத்தவற்றில் முக்கியமானது ஒரு கடிதம். சூடான் நாட்டுத் தூதரக அதிகாரி ஒருவரின் மனைவி எழுதியதாகச் சொல்லப்பட்டது. கணவர் 1968 முதல் 1971 வரை தில்லியில் பணிபுரிந்தபோது இச்சிலையை வாங்கினார், பணி முடிந்து போகும்போது நாட்டுக்கு வெளியே எடுத்துச் சென்றார், அதன்பின் குடும்பத்திலேயே இருந்தது என்பது சாரம். ஆண்டுகளைக் கவனிக்கவும். 1972-ஆம் ஆண்டுச் சட்டம் பிறப்பதற்குச் சரியாக ஓராண்டுக்கு முன்பு சிலை எல்லையைத் தாண்டிவிடுகிறது.

இதோடு காணாமற்போன கலைப்பொருள்களைப் பதிவு செய்து வைக்கும் பன்னாட்டு நிறுவனமொன்றின் சான்றும் இருந்தது. திருடப்பட்டவற்றின் பட்டியலில் இப்பொருள் இல்லை என்று அது சொல்லியது. பொய்ச் சான்று அல்ல, உண்மைதான். பட்டியலில் எப்படி இருக்கும்? ஸ்ரீபுரந்தானில் திருட்டு நடந்ததே அப்போது யாருக்கும் தெரியாது. அதே 2008-ஆம் ஆண்டில், கலைக்கூடம் பணம் கொடுத்துச் சில மாதங்கள் கழித்துத்தான் கோயில் திறந்து பார்க்கப்பட்டு, விக்கிரமங்கலம் காவல் நிலையத்தில் வழக்குப் பதிவானது. வில்லங்கம் பதிவாகாத நிலத்துக்கு வில்லங்கம் இல்லை என்று சான்று கிடைப்பதைப் போன்றதே இது.

கலைக்கூடம் முழுக்க ஏமாற்றப்பட்டது என்று சொல்லிவிட முடியாது. வாங்குவதற்கு முன் அவர்கள் கருத்துக் கேட்ட வழக்கறிஞர், சிலையின் பழைய வரலாற்றுக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று எச்சரித்திருந்தார். இது பின்னர் வெளிவந்தது. மற்றொன்றும் உண்டு. 1972-க்கு முன் இந்தியாவில் கட்டுப்பாடே இல்லை என்பது தவறான எண்ணம். தொல்பொருள் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1947-லேயே வந்துவிட்டது. உரிமம் இல்லாமல் தொல்பொருளை வெளியே கொண்டுபோக அப்போதே அனுமதியில்லை. 1971-இல் கொண்டுபோனதாகச் சொல்கிறீர்களே, அதற்கான ஏற்றுமதி உரிமம் எங்கே என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் கடிதத்தின் கதை அங்கேயே தடுமாறியிருக்கும். கேட்கவில்லை என்பதைவிட, கேட்க விரும்பவில்லை என்று சொல்வதே பொருத்தம் என்பது என் கருத்து.

புதுச்சேரியிலிருந்த சாட்சி

1955-இல் புதுச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டிலிருந்தே அதன் புகைப்படக் கலைஞர்களும் ஆய்வாளர்களும் தமிழகத்தின் ஊர் ஊராகப் போய்க் கோயில்களையும் திருமேனிகளையும் படமெடுத்தார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் அங்கே சேர்ந்துள்ளன. சிலை வடிவியல், கட்டடக்கலை ஆய்வுக்காக எடுத்தவை; களவைக் கண்டுபிடிப்பதற்காக எடுத்தவையல்ல. அவர்கள் 1994-இல் ஸ்ரீபுரந்தான் கோயிலுக்கும் வந்தார்கள். உள்ளே இருந்த திருமேனிகளைப் படமெடுத்துப் பதிவு செய்தார்கள்.

1971-இல் இந்தியாவை விட்டுப் போய்விட்டதாகக் கடிதம் சொன்ன நடராசர், 1994-இல் ஸ்ரீபுரந்தான் கோயிலுக்குள் நிற்கிறார். கடிதம் பொய் என்பதற்கு இதற்கு மேல் வாதம் தேவையில்லை.

ஆனால் படத்திலிருப்பதும் கான்பெராவில் இருப்பதும் ஒரே நடராசர்தான் என்று எப்படி உறுதி செய்வது? எங்கள் செட்டிகுளம் தண்டாயுதபாணி கையில் கரும்பு ஏந்தியவர். அவரை வேறு முருகனோடு குழப்பிக்கொள்ள முடியாது. நடராசர் அப்படியல்லர். தூக்கிய திருவடி, முயலகன், உடுக்கை, தீ என்று ஆகம இலக்கணப்படி எல்லா ஊரிலும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தோன்றுவார். இங்கேதான் மெழுகு வார்ப்பு முறை உதவிக்கு வருகிறது. சிற்பி முதலில் தேன்மெழுகில் உருவம் செய்கிறார். அதன்மேல் வண்டல் மண் பூசிக் காயவைத்துச் சூடாக்கினால் மெழுகு உருகி வெளியேறும். அந்த வெற்றிடத்தில் உலோகக் குழம்பை ஊற்றி, ஆறியபின் மண் கருவை உடைத்தால்தான் சிலை வெளிவரும். கரு உடைந்துவிடுவதால் அதே அச்சில் இன்னொரு சிலை வார்க்க முடியாது. திருவாசியின் சுடர்களின் எண்ணிக்கை, அவற்றின் சாய்வு, வார்க்கும்போது நேர்ந்த சிறு குறைகள், நூற்றாண்டுகளாக ஊர்வலம் போனதில் ஏற்பட்ட தேய்மானம் என ஒவ்வொரு திருமேனிக்கும் தனி அடையாளம் உண்டு. நம் கைரேகை போல. படத்தையும் பொருளையும் அருகருகே வைத்துப் பார்ப்பவருக்கு ஐயம் மிஞ்சாது.

இந்த ஒப்பீட்டுப் பணியில் சிங்கப்பூரில் வாழ்ந்த தமிழரான எஸ். விஜயகுமாரின் பங்கு பெரிது. கப்பல் நிறுவனப் பணியிலிருந்தவர். சிற்பக்கலை ஆர்வத்தால் நண்பர்களோடு சேர்ந்து காணாமற்போன சிலைகளைத் தேடினார். அமெரிக்க இதழாளர் ஜேசன் ஃபெல்ச் போன்றவர்களும் 2013-ஐ ஒட்டி இவ்விவரங்களைத் தொடர்ந்து வெளியிட்டார்கள். 2014 மார்ச்சில் ஆஸ்திரேலியத் தொலைக்காட்சியின் புலனாய்வு நிகழ்ச்சி இதை வீடுதோறும் கொண்டு சேர்த்தது. அதே மாதம் இந்திய அரசு முறைப்படி சிலையைக் கேட்டது. கலைக்கூடம் நடராசரைக் காட்சியிலிருந்து எடுத்தது.

வியன்னாவின் ஓர் ஓவியம்

கபூர் மீது 2012-இல் நியூயார்க்கில் கைது ஆணை பெற்றது மன்ஹாட்டன் மாவட்ட அரசு வழக்கறிஞர் அலுவலகம். இதே அலுவலகம் பதினான்கு ஆண்டுகளுக்கு முன் வேறொரு மீட்பு வழக்கால் உலக அருங்காட்சியகங்களைத் திடுக்கிட வைத்திருந்தது. அதை இங்கே சொல்வது தேவை. ஏனெனில் திருடப்பட்ட கலைப்பொருளை அருங்காட்சியகத்தின் சுவரிலிருந்தே இறக்க முடியும் என்று காட்டியது அவ்வழக்குதான்.

வியன்னா நகரில் கலைக்கூடம் நடத்திய யூதப் பெண்மணி லேயா பொண்டி. ஓவியர் ஏகோன் ஷீலே 1912-இல் தன் தோழி வாலியை வரைந்த ஓவியம் அவருடைய சொந்த உடைமையாக வீட்டில் இருந்தது. 1938-இல் ஆஸ்திரியா நாஜி ஜெர்மனியோடு இணைக்கப்பட்டபின் அவருடைய கூடம் பிரீட்ரிக் வெல்ட்ஸ் என்ற வணிகரின் கைக்குப் போயிற்று. 1939-இல் லேயா பொண்டி லண்டனுக்குத் தப்பிப் போகவிருந்த வேளையில், வீட்டுச் சுவரிலிருந்த அந்த ஓவியத்தையும் வெல்ட்ஸ் வாங்கிக்கொண்டார். மறுத்தால் நாட்டை விட்டே போக முடியாமல் செய்துவிடக்கூடியவரிடம் மறுக்க வழியில்லை.

போருக்குப்பின் அமெரிக்கப் படையினர் வெல்ட்ஸின் சேகரிப்பைக் கைப்பற்றி ஆஸ்திரிய அரசிடம் கொடுத்தார்கள். அங்கே இந்த ஓவியம் ஹைன்ரிக் ரீகர் என்ற யூதப் பல் மருத்துவரின் சேகரிப்போடு தவறாகக் கலந்துவிட்டது. ரீகர் நாஜி முகாமில் உயிரிழந்தவர். அவருடைய வாரிசுகளிடமிருந்து வாங்கியதாக ஓவியம் பெல்வடேர் அரசு அருங்காட்சியகத்துக்குப் போய், அங்கிருந்து 1954-இல் ருடால்ஃப் லியோபோல்ட் என்ற சேகரிப்பாளரிடம் சேர்ந்தது. அது தன்னுடையது என்று லேயா பொண்டி அவரிடமே சொல்லியும் கிடைக்கவில்லை. 1969-இல் அவர் இறந்தார்.

லியோபோல்டின் ஓவியங்கள் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்துக்குக் கண்காட்சிக்காக வந்திருந்தன. 1998 ஜனவரியில், அவை திரும்பிப் போகும் தறுவாயில், மாவட்ட அரசு வழக்கறிஞர் ராபர்ட் மார்கென்தாவ் இந்த ஓவியத்தை நிறுத்தி வைத்தார். வழக்கு பன்னிரண்டு ஆண்டுகள் நடந்தது. 2010 ஜூலையில் உடன்பாடு ஏற்பட்டது. லேயா பொண்டியின் வாரிசுகளுக்கு 1 கோடியே 90 லட்சம் டாலர் கொடுத்து ஓவியம் வியன்னாவிலேயே தங்கியது. ஆனால் அது யாருடையது, எப்படிப் பறிக்கப்பட்டது என்ற செய்தியைப் பக்கத்திலேயே எழுதி வைக்க வேண்டும் என்பது நிபந்தனை. இதற்கிடையே 1998 டிசம்பரில் வாஷிங்டனில் கூடிய 44 நாடுகள் நாஜிகள் பறித்த கலைப்பொருள்கள் குறித்த கோட்பாடுகளை ஏற்றன. அவை சட்டமல்ல என்றாலும், அருங்காட்சியகங்கள் தம்மிடமுள்ளவற்றின் உடைமை வரலாற்றைத் தாமே தோண்டிப் பார்த்து வெளியிட வேண்டும் என்ற வழக்கம் அதிலிருந்தே வலுப்பெற்றது.

இரண்டு வழக்கிலும் கள்ளத்தனம் காகிதத்தில் நிகழ்ந்தது என்பது ஒற்றுமை. வேறுபாடும் இருக்கிறது. வாலி ஓவியத்தைக் கேட்க ஒரு குடும்பம் இருந்தது. திருமேனிக்கு யார் வாரிசு?

சாமியே வாதி

இக்கேள்விக்கு விடை ஸ்ரீபுரந்தானுக்கு முன்பே லண்டனில் கிடைத்துவிட்டது. அன்றைய தஞ்சை மாவட்டம் பத்தூரில் 1976-இல் கூலித் தொழிலாளி ஒருவர் மண்ணைத் தோண்டியபோது ஒரு நடராசர் வெளிப்பட்டார். சிலை கைமாறிக் கைமாறி 1982-இல் கனடா நாட்டு எண்ணெய் நிறுவனமொன்றுக்கு இரண்டரை லட்சம் பவுண்டுக்கு விற்கப்பட்டது. துப்புரவு செய்வதற்காக லண்டனில் கொடுத்திருந்தபோது காவல்துறை கைப்பற்றியது. சிலையில் ஒட்டியிருந்த மண்ணும் கறையான் தடமும் பத்தூர் மண்ணோடு ஒப்பிடப்பட்டன. தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி சாட்சியம் அளித்தார். சிலையைக் கேட்ட வாதிகளில், இடிந்துகிடந்த பத்தூர்க் கோயிலும் அதன் சிவலிங்கமும் அடக்கம். இந்து தெய்வம் சட்டப்படி ஒரு நபர். உடைமை கொள்ளலாம், வழக்காடலாம் என்பது இந்திய நீதிமன்றங்களில் நெடுங்காலமாக நிலைபெற்ற கருத்து. 1988-இல் லண்டன் நீதிமன்றமும், 1991-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் கோயிலின் உரிமையை ஏற்றன. பூசை நின்ற கோயிலின் உரிமை அழிந்துவிடுவதில்லை என்பது இதிலிருந்து கிடைக்கும் செய்தி. ஸ்ரீபுரந்தானும் பூசை நின்ற கோயில்தான்.

கான்பெரா நடராசருக்கு அத்தனை நெடிய வழக்கு தேவைப்படவில்லை. ஒரு நாட்டின் சட்டத்தை மீறி வெளியேற்றப்பட்ட பண்பாட்டுப் பொருளை அந்நாடு கேட்டால் திருப்பிக் கொடுக்க ஆஸ்திரேலியாவின் 1986-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இடமுண்டு. அதன்படியே 2014 செப்டம்பரில் நடராசர் வந்தார். விருத்தாசலம் விருத்தகிரீஸ்வரர் கோயிலின் கல் அர்த்தநாரீசுவரரும், நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடத்திலிருந்து அதே நாளில் அவரோடு ஒப்படைக்கப்பட்டார். அந்தச் சிற்பமும் கபூர் விற்றதே. கோயிலில் இருந்தபோது எடுத்த பழைய படமே அதையும் காட்டிக்கொடுத்தது.

ஸ்ரீபுரந்தானின் மற்றத் திருமேனிகள் வெவ்வேறு திசைகளில் சிதறியிருந்தன. சிங்கப்பூர் ஆசிய நாகரிகங்கள் அருங்காட்சியகம் 2007-இல் 6,50,000 டாலருக்கு வாங்கிய உமா பரமேஸ்வரி 2015-இல் திருப்பித் தரப்பட்டது. அமெரிக்காவின் டொலிடோ அருங்காட்சியகம் 2006-இல் 2,45,000 டாலருக்கு வாங்கிய பிள்ளையாரும் திரும்பினார். ஒரே கோயிலின் அம்மையும் பிள்ளையும் அப்பனும் மூன்று கண்டங்களில் இருந்திருக்கிறார்கள். தனியார் ஒருவரிடமிருந்த மாணிக்கவாசகரை, உண்மை தெரிந்ததும் அவர் தாமாகவே ஒப்படைத்தார். 2016 ஜூனில் வாஷிங்டனில் பிரதமரிடம் ஒப்படைக்கப்பட்டவற்றில் மாணிக்கவாசகரும் ஒருவர்.

வழக்கின் பின்னிலை

கபூர் 2011 அக்டோபர் 30 அன்று ஜெர்மனியின் பிராங்க்பர்ட் விமான நிலையத்தில் கைதானார். 2012 ஜூலையில் தமிழகக் காவல்துறையிடம் ஒப்படைக்கப்பட்டு, திருச்சி மத்திய சிறையில் வைக்கப்பட்டார். அவருடைய நியூயார்க் கூடத்தின் மேலாளர் 2013 டிசம்பரில் அங்குள்ள நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அமெரிக்க அதிகாரிகள் கபூரின் கூடத்திலும் கிடங்குகளிலும் பிற இடங்களிலும் கைப்பற்றியவை 2,500-க்கும் மேற்பட்ட பொருள்கள். 2022 நவம்பர் 1 அன்று கும்பகோணம் நீதிமன்றம், சுத்தமல்லி கோயில் திருட்டு தொடர்பான உடையார்பாளையம் வழக்கில், கபூருக்குப் பத்தாண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. கைதுக்கும் தீர்ப்புக்கும் இடையே பதினோராண்டு.

ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் முன்னாள் நீதிபதி ஒருவரைக் கொண்டு தன் ஆசியச் சேகரிப்பை ஆராய்ந்தது. 2021-இல் மேலும் 14 கலைப்பொருள்களை இந்தியாவுக்குத் திருப்புவதாக அறிவித்தது. பொருள் எங்கிருந்து வந்தது என்பதற்குச் சட்டச் சான்று மட்டுமல்லாமல், எது பெரும்பாலும் உண்மையாக இருக்கும் என்று பார்த்தே முடிவெடுப்போம் என்று அப்போது கூறியது. 1998-க்குப்பின் ஓவியங்களுக்கு வந்த வழக்கம் திருமேனிகளுக்கு வர இத்தனை ஆண்டுகள் ஆயின.

நடராசர் ஸ்ரீபுரந்தானுக்கு நேரே வரவில்லை. தில்லியிலிருந்து தமிழகம் வந்ததும் கும்பகோணம் நீதிமன்றத்தில் முன்னிலைப்படுத்தப்பட்டு, நாகேஸ்வரன் கோயில் வளாகத்திலுள்ள பாதுகாப்பு மையத்தில் வைக்கப்பட்டார். சட்டத்தின் பார்வையில் அவர் வழக்குச் சொத்து. எங்கள் கோயிலுக்கே தாருங்கள் என்று ஊர் மக்கள் கேட்டார்கள். பாதுகாப்பு இல்லாத கோயிலுக்கு எப்படித் தருவது என்ற கேள்வி அதிகாரிகளிடம் இருந்தது. இரண்டிலும் நியாயம் உண்டு. 2006-இல் பூட்டை ஒட்டிவிட்டுப் போக முடிந்த கோயிலில், இரவுக் காவலரும் எச்சரிக்கை மணியும் இல்லாமல் மறுபடி வைப்பது அறிவுடைமை அன்று. அதே நேரத்தில், கும்பகோணத்தில் எண் எழுதிய அட்டையோடு வரிசையில் நிற்கும் உற்சவருக்குத் திருவாதிரைப் புறப்பாடு கிடையாது. கோயில் கட்டியவர்கள் அவரை வார்த்தது அந்தப் புறப்பாட்டுக்காகத்தான்.

அரியலூர் மாவட்டத்துக்கு இன்னொரு திருமேனியும் இப்படி அலைந்து வந்தது. பொட்டவெளி வெள்ளூர் வரதராசப் பெருமாள் கோயிலின் அனுமன், 2012-இல் திருடப்பட்டவர். நியூயார்க்கில் ஏலம் போய் ஆஸ்திரேலியாவிலுள்ள ஒருவரிடம் சேர்ந்திருந்தார். புதுச்சேரி நிறுவனம் 1961-இல் எடுத்த படம் அவரையும் அடையாளம் காட்டியது. 2023 ஏப்ரல் 18 அன்று அவர் தமிழகத்தின் சிலைத் திருட்டு தடுப்புப் பிரிவிடம் ஒப்படைக்கப்பட்டார், அவரும் வழக்குச் சொத்தாகவே.